நியூட்ரலில் அணைந்த வண்டி

மார்ச் 3, திங்கள்

அக்காவைத் தோற்கடித்தது வண்டி. பழியைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தது அக்கா.

இன்று அவளுக்கு இரண்டாவது டிரைவிங் டெஸ்ட். வளைவில் திருப்பினாள், ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தாள், ரிவர்ஸில் கொண்டுபோய்க் கட்டத்துக்குள் சொருகினாள். கடைசியில் வெள்ளைக் கோட்டில் நிறுத்தச் சொன்னார் அதிகாரி. நிறுத்தினாள். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கிவிட்டது. போன மாதமும் இதே வண்டி, இதே கோடு, இதே குலுக்கல். அதிகாரி ‘வாகனக் கட்டுப்பாடு போதாது’ என்று எழுதி, அடுத்த ஆளைக் கூப்பிட்டாராம்.

காலை எடுத்த பிறகும் இன்ஜின் தானாக, மெதுவாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குப் பெயர் ஐட்லிங். நியூட்ரலில் ஐட்லிங்கில் நிற்கிற வண்டியை ஓட்டுகிறவரால் அணைக்க முடியாது. சாவியைத் திருப்பினால்தான் உண்டு. இது என் அபிப்பிராயம் இல்லை. எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார். நானும் மெக்கானிக்தான். என்னை யாரும் கேட்கவில்லை.

அதிகாரிக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரியும். அவருடைய தாளில் ஆளுக்குக் கட்டம் இருக்கிறது, வண்டிக்குக் கட்டம் இல்லை. அவ்வளவுதான்.

சாயங்காலம் அத்தான் போனிலிருந்து தலையைத் தூக்காமலே தீர்ப்பு சொன்னார். அக்காவுக்குக் கையும் காலும் ஒன்றாக வேலை செய்யாதாம். அவர் போன வருஷம் முதல் தடவையிலேயே பாஸ் ஆனவர். இதே மாஸ்டர், இதே வண்டி. வீட்டுக்கு யார் வந்தாலும், தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் இந்தச் செய்தி அவர்களுக்குக் கொடுக்கப்படும்.

அக்கா வேலை செய்கிற ரத்தப் பரிசோதனை லேபில், வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்க ஒரு கார் விடப்போகிறார்கள். மாத முடிவுக்குள் லைசென்ஸ் வைத்திருந்தால் அந்த வேலை அவளுக்கு. இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுப்பார்கள். அவள் ஜன்னல் இல்லாத கீழ்த்தளத்திலேயே குழாய்களுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அடுத்த டெஸ்ட் 27ஆம் தேதி. அதுதான் கடைசி வாய்ப்பு.

அதைப் பற்றி அத்தானுக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பதும் அவருக்கு ஒரு வசதி.

மார்ச் 4, செவ்வாய்

அம்மா போனில்: டெஸ்டுக்கு முன்னால் கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொல்லு. பக்கத்து வீட்டு டீச்சர்: பயத்துக்கு மாத்திரை இருக்கிறது. அத்தான்: விட்டுத் தொலை. அக்காவுக்கு ஊரே வைத்தியம் பார்க்கிறது. வண்டிக்கு ஒரு நாதி இல்லை.

மார்ச் 6, வியாழன்

வேலை முடிந்து மாஸ்டருடைய டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். ஸ்கூல் என்றால் ஒரு ஷட்டர் கடை. ஒரு மேஜை, மின்விசிறி, பாஸ் ஆனவர்களின் புகைப்படங்கள் ஒட்டிய சுவர். நடுவில் பெரிதாக அத்தான், கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு.

மாஸ்டர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டு வந்திருப்பேன். அக்கா தோற்றதற்காக அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். அருமையாக ஓட்டுகிறாளாம், கிளாஸில் ஒரு குறை சொல்ல முடியாதாம். டெஸ்ட் அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்ததும் நரம்பு தளர்ந்துவிடுகிறதாம்.

வண்டியில் கோளாறு என்றேன். பெற்ற பிள்ளையைச் சொன்னதுபோல முகம் சுருங்கிவிட்டது.

“என் கிளாஸ்ல ஒரு தடவை நின்னிருக்கா, உங்க அக்காவையே கேளுங்க. நான் பக்கத்துல இருந்தா நிக்காது. அவர் பக்கத்துல இருந்தா நிக்குது. அப்ப கோளாறு வண்டிலயா, மனசுலயா?”

அவர் சொன்னது உண்மை. அக்காவும் அதையேதான் சொன்னாள். அதனாலேயே அவளும் தன்னைத் தானே நம்பாமல் போய்விட்டாள் — நின்றது தன் காலால்தானோ என்று.

இரண்டு முறை தோற்ற தையல்காரர் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார். நாள் முழுக்க மிஷின் பெடலை மிதித்து நூல் பிடிக்கிற கால். அவருக்கும் நரம்புத் தளர்ச்சியாம். மாஸ்டர் இதற்கென்றே சனிக்கிழமைகளில் ‘தன்னம்பிக்கை வகுப்பு’ தொடங்கியிருக்கிறார்.

கடைசியில், எங்கள் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவந்து பார்ப்பதில் என்ன நஷ்டம் என்று கேட்டு ஒப்புக்கொள்ள வைத்தேன்.

மார்ச் 8, சனி

எங்கள் சர்வீஸ் சென்டரில் வாடிக்கையாளர் அறைக்கும் எங்களுக்கும் நடுவில் இரட்டைக் கண்ணாடிச் சுவர். இன்ஜின் சத்தம் உள்ளே கேட்கக்கூடாது என்பதற்காக. வண்டி பழுது பார்க்கிற இடத்தில் வண்டியின் சத்தம் கேட்டால் மரியாதைக் குறைவு. கண்ணாடியின் மேல் பெரிய எழுத்தில்: ‘எங்கள் ஸ்கேனர் பொய் சொல்லாது.’

காலையில் ஒரு பெரிய மனிதர் என்னிடம் சாவியை நீட்டி, மெக்கானிக்கைக் கூப்பிடும்மா என்றார். நான்தான் என்றேன். பெரிய மெக்கானிக்கை, என்றார். ஃபோர்மேனைக் கூப்பிட்டேன். ஃபோர்மேன் வந்து ஸ்கேனரை மாட்டினார். பெரிய மனிதர் திருப்தியாகப் போனார். அந்த ஸ்கேனரை என்னாலும் மாட்ட முடியும். ஆனால் எனக்கு மீசை இல்லை.

மாஸ்டர் வண்டி பதினொரு மணி வாக்கில் வந்தது. ஃபோர்மேன் அதற்கும் ஸ்கேனரை மாட்டினார். திரையில் பச்சை. எரர் கோட் எதுவும் இல்லை.

நின்ற இடத்தில் ஐட்லிங் பார்த்தோம். ஓடியது. ஆனால் இன்ஜின் வேகம் காட்டுகிற மீட்டரின் முள் மூச்சு வாங்குவதுபோல லேசாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. காட்டினேன். “பழைய வண்டி பாப்பா, கொஞ்சம் ஆடத்தான் செய்யும்.” இவருக்கு நான் பாப்பா. புது வண்டியின் முள் ஆடினால் கம்பெனிக்கு மெயில் போடுவார்.

சாலையில் ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். ஃபோர்மேன் ஓட்டினார். வண்டியைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் மாஸ்டர் தன் வழக்கமான சீட்டில், பக்கத்தில் ஏறிக்கொண்டார். சிக்னல், வளைவு, சந்தை முனை — எங்கேயும் நிற்கவில்லை. திரும்பி வந்து, வண்டி மணி மாதிரி இருக்கிறது என்றார் ஃபோர்மேன். ‘கோளாறு ஏதுமில்லை’ என்று கலரில் ஒரு சான்றிதழ் அச்சடித்துக் கொடுத்தார்கள்.

“மிஷின் சொல்லாத வியாதிக்கு மருந்து கிடையாது பாப்பா.”

மார்ச் 9, ஞாயிறு

மாஸ்டர் அந்தச் சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிவிட்டாராம். இனி அந்த வண்டியில் தோற்பவர்கள் ஆதாரத்தோடு குற்றவாளிகள். நல்ல காரியம் செய்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

என் சொந்த டூல்ஸை எடுத்துக்கொண்டு ஷட்டர் கடைக்கே போனேன். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஹோஸாகத் தடவினேன். இன்ஜினுக்குக் காற்று போகிற வழியில், ஒரு ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம் மயிரிழை வெடிப்பு. கிளீனர் ஸ்பிரேயை அதன்மேல் அடித்ததும் இன்ஜின் சத்தம் மாறியது. அங்கே திருட்டுத்தனமாகக் காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம். திருட்டுக் காற்று போனால் ஐட்லிங் ஆடத்தான் செய்யும். மாற்றினேன். முள் முன்னைவிட அடங்கியது.

மாஸ்டர் டீ வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நான் தரையில் நடக்கவில்லை. அக்காவிடம், உன் நரம்புக்கு ஒரு ரப்பர் குழாய் மாற்றிவிட்டேன் என்று சொன்னேன். சிரித்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம்.

மார்ச் 13, வியாழன்

தையல்காரர் மூன்றாவது முறையும் தோற்றுவிட்டார். வெள்ளைக் கோடு, நியூட்ரல், குலுக்கல்.

அப்ப ஹோஸ் இல்லையா? இருந்தது, ஆனா அது மட்டும் இல்ல. ஒரு ஓட்டையைப் பார்த்ததும் மத்ததைப் பார்க்கிறதை நிறுத்திட்டேன். எனக்கும் அந்த ஸ்கேனருக்கும் என்ன வித்தியாசம்? அதுக்குப் பச்சை லைட்டு, எனக்கு ஒரு டீ.

அக்கா ஒன்றும் கேட்கவில்லை. அத்தான் கேட்டார். குழாய் மாத்தின டாக்டரம்மா என்ன சொல்றாங்க? சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து போய் கை கழுவிவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

அக்காவின் கிளாஸில் பின் சீட்டில் உட்கார்ந்து வரலாமா என்று மாஸ்டரிடம் கேட்டேன். தம்பி தங்கைகள் வந்தால் தைரியமாக இருக்கும் என்று அவரே உற்சாகமாக ஏற்றிக்கொண்டார். நடுவில் உட்கார்ந்தேன். இரண்டு முன்சீட்டுக்கும் இடையில் தலையை நீட்டினால், இரண்டு பக்கத்துக் கால்களும் தெரியும்.

பழகுகிற வண்டி. பழகுகிறவர் தப்பு செய்தால் காப்பாற்ற, மாஸ்டர் பக்கமும் மூன்று பெடல்கள் உண்டு. கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர். மாஸ்டர் தன் மைத்துனன் கட்டுகிற வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். கொத்தனார் ஏமாற்றுகிறானாம். முதல் சிக்னல் வந்தது. அக்கா பிரேக் போட்டு, நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்தாள்.

மாஸ்டருடைய செருப்பு ஒரு நெல்மணி அளவு கீழே இறங்கியது.

பச்சை விழுந்தது. அக்கா மிதித்தாள். வண்டி நகர்ந்த பிறகுதான் செருப்பு மேலே வந்தது. அடுத்த திருப்பம். அக்கா காலை எடுத்தாள். செருப்பு இறங்கியது. வாய் கொத்தனாரிடம், கால் தன் வேலையில்.

எத்தனை திருப்பம் பார்த்தேனோ தெரியாது. கடைசியில் கேட்டேன்.

“மாஸ்டர், உங்க கால் எங்க இருக்கு?”

“என் காலா? சும்மா கிடக்குது.”

“சும்மா எதுமேல கிடக்குது?”

குனிந்து பார்த்தார். வேறு யாரோ விட்டுப்போன காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“இது ஒரு சேஃப்டிக்கு வச்சிருக்கிறது.”

“அது ஆக்சிலரேட்டர் மாஸ்டர்.”

“பிரேக்குக்குப் பக்கத்துலதான இருக்கு.”

சண்டைக்கு வரவில்லை. குழம்பிப்போனார். காலைத் தூக்கி சீட்டுக்கு மேலே வையுங்கள் என்றேன். கௌரவமான மனிதர், இறுக்கமான பேன்ட். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, முனகிக்கொண்டே சீட்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அக்காவை அடுத்த முனைவரை போகச் சொன்னேன்.

போனாள். பிரேக். நியூட்ரல். காலை எடுத்தாள்.

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கிவிட்டது.

பின்னால் ஹாரன் அடித்தார்கள். அக்கா இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மேலே தூக்கிக்கொண்டிருந்தாள், போலீஸ் பிடித்ததுபோல.

“நான் ஒண்ணும் பண்ணல,” என்றாள். கொஞ்சம் பொறுத்து, என் பக்கம் திரும்பி, மெதுவாக: “நான் ஒண்ணும் பண்ணலல்ல?”

“இல்லக்கா. நீ ஒண்ணும் பண்ணல.”

மாஸ்டர் சம்மணம் கலையாமல் உட்கார்ந்திருந்தார். “அப்ப இத்தனை நாளும்,” என்று தொடங்கினார், முடிக்கவில்லை.

விஷயம் எளிது. ஒரு வருஷத்துக்கு முன்னால் எப்போதோ வண்டி ஐட்லிங்கில் அணைந்துபோகத் தொடங்கியிருக்கிறது. அது மாஸ்டரின் மூளைக்கு வந்து சேர்வதற்குள், அவருடைய கால் புரிந்துகொண்டு சரிசெய்துவிட்டது. நின்றுவிடப் போகிற ஒவ்வொரு நேரத்திலும் ஒரு நெல்மணி மிதி. அதனால் கிளாஸில் நிற்காது. எங்கள் டிரையலிலும் நிற்கவில்லை, மாஸ்டர் பக்கத்தில் இருந்தார். டெஸ்டில் அந்தச் சீட்டில் அதிகாரி உட்காருவார். அவருடைய கால்கள் நேர்மையானவை. எதையும் தொடாது.

அதனால் அக்காவுக்கு நரம்புத் தளர்ச்சி. தையல்காரருக்கு நரம்புத் தளர்ச்சி. சனிக்கிழமை தோறும் தன்னம்பிக்கை வகுப்பு.

மார்ச் 17, திங்கள்

மதிய இடைவேளையில், மின்சாரம் அளக்கிற மல்டிமீட்டரோடு போய் வந்தேன். ஆள் அகப்பட்டான். திராட்டில் சென்சார்.

ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது, காலை எடுத்தாயிற்றா என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது இதன் வேலை. கால் எடுத்தாயிற்று என்று தெரிந்தால்தான் கம்ப்யூட்டர் ஐட்லிங்கைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். மீட்டரை மாட்டிக்கொண்டு மெதுவாக மிதித்தேன், விட்டேன். மேலே எல்லா இடத்திலும் எண் சீராக ஏறி இறங்குகிறது. அடியில், காலை முழுசாக எடுக்கிற அந்த ஓர் இடத்தில் மட்டும், எண் பைத்தியம்போலக் குதிக்கிறது. அதனால், கால் எடுத்த பிறகும் ‘யாரோ மிதித்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்று கம்ப்யூட்டருக்குத் தகவல் போகிறது. கம்ப்யூட்டர் சும்மா இருக்கிறது. இன்ஜின் ஆதரவில்லாமல் அடங்குகிறது. நின்ற இடத்திலேயே என்றால் ஆடிக்கொண்டு சமாளிக்கும், ஓடிவந்து காலை எடுக்கும்போதுதான் முடியாது.

குதிக்கிற எண்ணும் ஒரு எண்தான், நடக்கக்கூடிய எண்தான். அதனால் ஸ்கேனருக்குப் பச்சை. சுத்தமாகச் செத்துப்போன சென்சாரைத்தான் அதற்குத் தெரியும். கூசாமல் பொய் சொல்கிற சென்சாரை அது மரியாதையாக நம்பும். ஆபீஸ்களில் மனிதர்களையும் அப்படித்தான் நம்புகிறார்கள்.

உள்ளே ஒரு சிறிய தடத்தின்மேல் ஒரு முள் உரசிக்கொண்டே இருக்கும். தடம் தேய்ந்திருப்பது சரியாக அந்த அடிப்பகுதியில். நாள் முழுக்க அந்த நெல்மணி அளவுக்குள் முள்ளை ஏற்றி இறக்கியது யார்? மாஸ்டரின் கால். சென்சார் கெட்டதால் கால் அங்கே போனது. கால் அங்கே போனதால் சென்சார் இன்னும் கெட்டது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு சந்தோஷமாக இருந்திருக்கிறார்கள், நடுவில் உட்கார்ந்தவர்கள்தான் பெயில்.

மார்ச் 18, செவ்வாய்

ஃபோர்மேனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். புரிந்துகொண்டார். நம்பினார்கூட. ஆனால் எரர் கோட் இல்லாமல் சென்சாருக்கு ஆர்டர் போட முடியாதாம். ஆர்டர் போடுகிற கம்ப்யூட்டர், கோட் என்ன என்று கேட்கும். கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகாது.

மல்டிமீட்டரில் பார்த்தேன் என்றேன். “அதுக்குக் கட்டம் இல்ல பாப்பா.”

வெளிக்கடையில் கிடைப்பது போலி. ஒரு மழைக்குத் தாங்காது. மேனேஜரிடம் போனேன். அவர் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டே, ஸ்கேனரை மீறி யோசிப்பது நல்ல பழக்கம் இல்லை, அது வாடிக்கையாளரின் நம்பிக்கையை அசைக்கும் என்றார். வாடிக்கையாளரின் வண்டி அசைகிறதே சார் என்று கேட்டேன். மனதுக்குள்.

மார்ச் 19, புதன்

பொய் சொல்கிற சென்சாரை மாற்ற ஒரே வழி, அதைச் செத்துப்போனதாகச் சொல்வது.

மாஸ்டரை மறுபடி வரச்சொன்னேன். வண்டி உள்ளே வந்தது. ஃபோர்மேன் ஸ்கேனர் எடுக்கப் போயிருந்தபோது சென்சாரின் கனெக்டரைக் கழற்றினேன். சாவியைப் போட்டேன். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஜம்மென்று எரிந்தது. கனெக்டரைத் திரும்ப மாட்டினேன். நடந்ததைக் கம்ப்யூட்டர் ஞாபகம் வைத்திருக்கும்.

ஃபோர்மேன் ஸ்கேனரை மாட்டினார். திரை சிவந்தது. திராட்டில் சென்சார், தொடர்பு இல்லை. கோட், கட்டம், ஆர்டர், அடுத்த பக்கம். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது.

கையெழுத்துப் போடும்போது பானெட்டுக்குள் ஒரு பார்வை பார்த்தார்.

“கனெக்டர் தூசில கைரேகை இருக்கு பாப்பா. துடைச்சிடு.”

துடைத்தேன்.

மார்ச் 22, சனி

சென்சார் வந்தது. மாற்றினேன். ஐட்லிங்கில் முள் ஆணி அடித்ததுபோல நின்றது. டிரையலுக்கு மாஸ்டரைச் சம்மணம் போட வைத்து நானே ஓட்டினேன். எல்லாச் சிக்னலிலும் காலை எடுத்தேன். நிற்கவில்லை. சந்தை முனையில் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஒரு பச்சைச் சிக்னலைத் தவறவிட்டேன். ஹாரன் அடித்தவர் என்ன நினைத்திருப்பாரோ, எனக்குச் சங்கீதம் மாதிரி இருந்தது.

சாயங்கால மீட்டிங்கில் மேனேஜர் கை தட்டச் சொன்னார். ஸ்கேனருக்கு. முதல் தடவை வந்தபோது சின்னக் கோளாறு, இப்போது முற்றியதும் உடனே பிடித்துவிட்டதாம். கண்ணாடிச் சுவரில் புதிய வாசகம்: ‘ஒளிந்திருக்கும் கோளாறையும் எங்கள் ஸ்கேனர் விடாது.’ நானும் தட்டினேன். ஃபோர்மேன் என்னைப் பார்க்காமல் தட்டினார்.

மார்ச் 23, ஞாயிறு

சந்தோஷம் ஒரு நாள்கூடத் தாங்காதா?

அக்கா இன்று வண்டியை எடுக்கும்போது நிறுத்திவிட்டாள். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. இந்த முறை வண்டி குற்றமில்லை. கிளட்ச்சை விடுகிறபோது தேவையான மிதியைக் கொடுக்க அவள் காலுக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? இதுவரைக்கும் அதில் பாதியை மாஸ்டர் அல்லவா கொடுத்துக்கொண்டிருந்தார்! மாஸ்டர் இல்லாத டெஸ்டில், மிதித்ததைவிடக் கூட்டிச் சொன்ன பழைய சென்சார் கைகொடுத்திருக்கும். அவள் கற்றுக்கொண்டது முக்கால் வண்டி. மிச்சத்தைப் பக்கத்து சீட்டு ஓட்டியது.

அத்தானுக்குச் செய்தி போய்விட்டது. இப்ப என்ன சொல்லப்போறீங்க, சென்சார் மாத்தியாச்சுல்ல, என்றார். இவ்வளவு மகிழ்ச்சியான முகத்தை அவர்களுடைய கல்யாண ஆல்பத்தில்கூட நான் பார்த்ததில்லை.

அக்கா உடனே மாஸ்டருக்குப் போன் போட்டு, வியாழன்வரை தினமும் காலையில் கிளாஸ் வேண்டும் என்றாள். “ஆனா நீங்க காலை மடிச்சு உக்காரணும் மாஸ்டர். பாவம்னு இறக்கிடாதீங்க.”

மார்ச் 25, செவ்வாய்

மாஸ்டர் சம்மணம் போட்டுக்கொண்டு தெருக்களைச் சுற்றுகிறார். பார்த்தவர்கள் தியான வகுப்பும் தொடங்கிவிட்டாரா என்று கேட்கிறார்களாம். காலை இறக்கினால் அது தானாகப் போய்விடுகிறது என்று அவரே ஒப்புக்கொண்டார். கால் அவர் பேச்சைக் கேட்பதில்லை.

இன்று அவருடைய கடையில் காத்திருந்தபோது அந்தப் புகைப்படச் சுவரை நிதானமாகப் பார்த்தேன். ஒன்று உறைத்தது. போன ஒரு வருஷமாக இந்த வண்டியில் பாஸ் ஆனவர்கள் யார்? சிக்னலில் நிற்கும்போதுகூட காலை எடுக்காதவர்கள். நியூட்ரலில் நின்றுகொண்டு விர் விர்ரென்று உறுமுகிறவர்கள். முன்னால் நிற்பவனின் முதுகில் ஏறப் பார்க்கிறவர்கள். அவர்களுக்கு வண்டி நின்றிருக்காது. நிறுத்தச் சொன்னால் நிறுத்தி, காலை எடுக்கச் சொன்னால் எடுத்தவர்கள் எல்லோரும் பெயில்.

ஒரு வருஷமாக இந்த ஊருக்கு அவசரக்காரர்களைப் பொறுக்கிப் பொறுக்கி லைசென்ஸ் கொடுத்து அனுப்பியிருக்கிறது ஒரு தேய்ந்த சென்சார். அதன்மேல் அதிகாரியின் கையெழுத்து. நடுவில் அத்தான், கட்டைவிரலோடு.

தோற்றவர்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள் மாஸ்டர் என்றேன். நரம்பு இல்லை, சென்சார்தான் என்று. தையல்காரருக்காவது. அவர் தலையைச் சொறிந்தார். பேர் கெட்டுவிடுமே என்றார். நான் போகும்போது வாசலில் புதுப் பலகை மாட்டிக்கொண்டிருந்தார்: ‘புத்தம் புதிய சென்சார் பொருத்தப்பட்ட வண்டி.’

தையல் கடை வழியாகத்தான் வீட்டுக்கு வர வேண்டும். நானே நின்று சொன்னேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார். “என் பொண்டாட்டிகிட்டயும் வந்து சொல்றீங்களா?” என்றார்.

சொன்னேன்.

மார்ச் 26, புதன்

அக்கா சாப்பாட்டு மேஜைக்கு அடியில் காலை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். மேஜை லேசாக ஆடியது.

மார்ச் 27, வியாழன்

பாஸ்.

லீவு போட்டுவிட்டு மைதானத்துக் கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். எடுக்கும்போது வண்டி ஒரு தடவை திணறியது. மிதியைக் கூட்டிப் பிடித்துவிட்டாள். வெள்ளைக் கோட்டில் வந்து நின்றாள். உள்ளே அவள் தோள் தளர்ந்ததை வைத்துக் காலை எடுத்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன். வண்டி நின்றது, இன்ஜின் நிற்கவில்லை. அவள் வேண்டுமென்றே இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். அதிகாரி எழுதி முடித்த பிறகும்.

‘பதட்டம் குறைந்துள்ளது’ என்று எழுதியிருக்கிறார்.

தையல்காரர் அடுத்த மாதம் போகிறார்.

மார்ச் 30, ஞாயிறு

லேப் கார் நாளை வருகிறது. அக்கா கொக்கியிலிருந்து அத்தானுடைய கார் சாவியை எடுத்துக்கொண்டாள். கேட்கவில்லை, எடுத்தாள். இதுவரை கிளட்ச் போய்விடும் என்று அவள் தொடாமல் காக்கப்பட்ட கார். நாளைக்குப் போக வேண்டிய தெருக்களை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்றாள். அத்தான் அவசரமாகச் சட்டை மாட்டிக்கொண்டு ஓடிவந்து பக்கத்து சீட்டில் ஏறினார். நான் பின் சீட்டில், நடுவில்.

அக்கா நன்றாக ஓட்டினாள். அவசரமில்லாமல். அத்தான் பேசவேயில்லை. தோற்றபோது இருந்த பேச்செல்லாம் எங்கே போயிற்றோ. அக்கா பாஸ் ஆன நாளிலிருந்து அந்த டெஸ்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வண்டிதான் காரணம் என்று ஒரு தடவை அவர் வாயால் வரும் என்று அக்கா காத்திருந்தாள். எனக்குத் தெரியும். அவள் கேட்கவில்லை, ஆனால் ஒவ்வொரு சாப்பாட்டிலும் காத்திருந்தாள்.

சந்தை முனையில் சிவப்பு. அக்கா நிறுத்தினாள். நியூட்ரல். காலை எடுத்தாள். இன்ஜின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

தலையை நீட்டிப் பார்த்தேன். அத்தானின் வலது கால் தரை விரிப்பைப் பலம்கொண்ட மட்டும் மிதித்துக்கொண்டிருந்தது. அங்கே பெடல் எதுவும் கிடையாது. ரப்பர் விரிப்பு மட்டும்தான்.

அக்காவும் பார்த்தாள். பிறகு நேரே சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“காலை எடுங்க.”

அத்தான் ஜன்னலுக்கு வெளியே கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டிருந்தார்.

“அந்தக் காலை எடுங்க.”